மூடி வைத்த தீ

அவர் யார் வீட்டுக்குப் போனாலும் காலிங் பெல்லை அழுத்த மாட்டார். கதவைத் தட்டுவார். "உள்ள கேஸ் லீக்காகினு இருந்தா? நீ பெல் அடிப்பே, பொறி பறக்கும், கதவு வந்து உன் மூஞ்சி மேல உக்காரும்" என்பார். என் வீட்டில் கதவு திறந்ததும் "இன்னா மாமே, சௌக்கியமா?" என்று கேட்டுக்கொண்டே என்னைத் தாண்டி நேராகச் சமையலறைக்குப் போவார். சிலிண்டர் ரெகுலேட்டரை ஒரு திருகு திருகி மூடுவார். குழாய் சொட்டுகிறதா என்று குனிந்து பார்ப்பார். அப்புறம்தான் கூடத்துக்கு வந்து நாற்காலியில் உட்கார்ந்து, நான் சௌக்கியமா இல்லையா என்பதற்குப் பதில் கேட்பார்.

எனக்குக் கல்யாணமான புதிதில் அவர் இப்படி உள்ளே போனதைப் பார்த்த என் மனைவி, பாவம், மனிதருக்குப் பசி என்று நினைத்துவிட்டாள். தட்டெடுத்து இரண்டு தோசை வைத்தாள். அவர் இரண்டையும் சாப்பிட்டார். பிறகு ரெகுலேட்டரை மூடினார். எனக்கு வார்க்க வேண்டிய மூன்றாவது தோசை மாவாகவே நின்றது.

ஆவடிப் பக்கத்தில் ஒரு பெரிய தொழிற்சாலை. அதில் அவர் தீயணைப்புப் பிரிவில் லீடிங் ஃபயர்மேன். நான் அதே தொழிற்சாலையின் அலுவலகத்தில் குமாஸ்தா. எனக்கு ஊர் விருதுநகர்ப் பக்கம். அவருக்கு ஆவடிக்குப் பக்கத்திலேயே, நெமிலிச்சேரி. அப்பா அம்மா இரண்டு பேரும் அடுத்தவர் கழனியில் நாற்று நட்டவர்கள். வயலுக்கு மடை திறந்து விடும் வேலை இவருக்குச் சின்ன வயதில் இருந்ததாம். திறந்துவிட்டு மூட மறந்து ஒரு நாள் வாங்கிய அடியில்தான் இந்தக் குணம் வந்தது என்று அவர் மனைவி சொல்வார். அவர் ஒப்புக்கொள்ள மாட்டார். "தொறக்கறதுக்கு ஊர்ல ஆயிரம் பேர் கீறான். மூடறதுக்கு எவனாவது ஒருத்தன் வோணும்ல" என்பார்.

இடது புருவத்தில் பாதி கிடையாது. ஏதோ ஒரு தீ எடுத்துக்கொண்டு போனது. அதனால் அவர் எப்போதும் எதையோ சந்தேகப்படுகிற மாதிரியே தெரியும். பெரும்பாலும் சந்தேகப்படவும் செய்தார். குரல் சைரன். ரகசியம் சொன்னால் பக்கத்து ஊர் சேக்காடு வரைக்கும் கேட்கும்.

நாங்கள் குடியிருந்த குவார்ட்டர்ஸ் வரிசையின் கடைசியில் ஒரு பொதுக் குழாய் இருந்தது. எட்டு வீடு அதைப் பயன்படுத்தியது. எட்டு வீடும் அதைத் திறக்கும். ஒரு வீடும் மூடாது. அடுத்த வீட்டுக்காரர் வருவாரே, அவர் மூடட்டும் என்பது எங்களுடைய எழுதாத ஒப்பந்தம். இவர் டியூட்டி முடிந்து சைக்கிளில் வருவார். யூனிஃபார்மோடு இறங்குவார். மூடுவார். "இன்னாபா இது! எட்டு ஊட்டுக்காரனுக்கும் கையில எலும்பு கீதா இல்லியா?" என்று வீதியைப் பார்த்து ஒரு சத்தம் போடுவார். எட்டு வீட்டுக்காரர்களும் ரேடியோவின் சத்தத்தைக் கூட்டுவோம். குழாயின் வாஷர் தேய்ந்திருந்தது, அவர் மூடின பிறகும் சொட்டும். ஒரு சொட்டுதானே அண்ணே என்று நான் ஒரு முறை சொல்லிவிட்டேன். மறுநாள் காலை என் வீட்டு வாசலில் ஒரு வாளி நிறையத் தண்ணீர் இருந்தது. "ராத்திரி பூரா அந்த ஒரு சொட்டு. எடுத்துகினு போய்க் குளி" என்றார். குளித்தேன். கொஞ்சம் மிச்சம்கூட இருந்தது.

இதையெல்லாம் விட அவருடைய மச்சினன் கல்யாணத்தைச் சொல்ல வேண்டும். பெரம்பூரில் கல்யாணம். மாப்பிள்ளைத் தோழனே இவர்தான். ஆவடி ஸ்டேஷனில் அவர் குடும்பமும் என் குடும்பமும் ரயில் ஏறியாயிற்று. மாப்பிள்ளைக்கு வாங்கிய கைக்கடிகாரம் இவருடைய சட்டைப் பையில். வண்டி கிளம்பப் போகிறது. பிளாட்பாரத்துக் குழாய் ஊற்றிக்கொண்டிருப்பதை ஜன்னல் வழியாகப் பார்த்துவிட்டார். "அண்ணே, வேண்டாம்" என்று நான் பட்டு வேட்டியைப் பிடித்தேன். வேட்டி என் கையில் வரும்போல இருந்ததால் விட்டுவிட்டேன். அவர் இறங்கி ஓடினார். வண்டி கிளம்பியது. குழாயருகே நின்று மூடிய கையை உயர்த்திக் காட்டினார், ஏதோ நாங்கள் அதைப் பார்த்துவிட்டுத்தான் போக வேண்டும் என்பதுபோல.

"மூடிட்டாரா?" என்று கேட்டார் அவர் மனைவி, தலையைத் திருப்பாமலேயே.

"மூடிட்டார் அண்ணி."

"சந்தோஷம். இனிமே எங்கூட்ல அவுரு வாய நான் மூடுறேன் பாரு."

அடுத்த வண்டியில் வந்து சேர்ந்தார். முகூர்த்தத்தில் தோழனாக நின்றது நான். கல்யாண ஆல்பத்தில் இன்றைக்கும் மாப்பிள்ளையின் பக்கத்தில், யாருக்கும் சொந்தமில்லாத ஒரு மூஞ்சி இளித்துக்கொண்டிருக்கும். அது அடியேன்.

வருஷம் முழுக்க மூடிக்கொண்டே திரிந்த இந்த மனிதர் ஒரே ஒரு நாள் மட்டும் திறப்பார். சித்திரை மாதத்து வெயிலில் தொழிற்சாலை மைதானத்தில் தீயணைப்பு நாள் நடக்கும். குவார்ட்டர்ஸ் குடும்பங்கள் அத்தனையும் குடையோடு வந்து உட்காரும். முதல் நிகழ்ச்சி, எரியும் கட்டடத்திலிருந்து ஒரு தொழிலாளியைக் காப்பாற்றுவது. காப்பாற்றப்படுகிற தொழிலாளி நான். எண்பதுகளில் நான் ஈர்க்குச்சியாக இருந்தேன் என்பதுதான் தகுதி. இவர் ஒரே தோளில் போட்டுக்கொண்டு ஏணியில் இறங்குவார். மாடி பால்கனியில் புகைக்கு நடுவே நின்று "காப்பாத்துங்க, காப்பாத்துங்க" என்று நான் அலறுவதில் ஆண்டுக்கு ஆண்டு முன்னேற்றம் இருந்தது. ஒரு வருஷம் மிகவும் முன்னேறிவிட்டேன். ஊரிலிருந்து வந்திருந்த என் மாமியார் கூட்டத்திலிருந்து எழுந்து, மாப்பிள்ளை போச்சே என்று தலையில் அடித்துக்கொண்டு ஓடி வந்தார். என் மேல் அவருக்கு அவ்வளவு பாசம் இருப்பது அன்றைக்குத்தான் தெரிந்தது. அது நாடகம் என்று புரிந்ததும் அந்தப் பாசம் திரும்பப் பெறப்பட்டது.

ஆனால் கூட்டம் காத்திருப்பது எனக்காக இல்லை, கடைசி நிகழ்ச்சிக்காக. பெரிய இரும்புத் தொட்டியில் டீசலை ஊற்றிக் கொளுத்துவார்கள். இரண்டு ஆள் உயரத்துக்குத் தீ எழும்பும். முன்வரிசைக்காரர்கள் நாற்காலியோடு பின்னால் நகர்வார்கள். அப்போது இவர் சிவப்பு சிலிண்டரோடு வருவார். நடையே வேறு. ஒரு நொடி நின்று கூட்டத்தைப் பார்ப்பார். திறப்பார். புஸ்ஸ் என்று ஒரு சத்தம், வெள்ளையாய் ஒரு வீச்சு. தீ இருந்த இடத்தில் தீ இருக்காது. தண்ணீர் இல்லை, நுரை இல்லை, ஈரம்கூட இல்லை. ஊதி அணைத்த மாதிரி. கைதட்டல் ஆவடி ஸ்டேஷன் வரை போகும். அந்த வாயுவுக்கு ஹாலான் என்று பெயர். எஞ்சினுக்குள், மின்சார அறைக்குள் தீப்பிடித்தால் எதையும் நனைக்காமல் அணைக்கும். ஒரு தரம் நிஜமாகவே சுவிட்ச் அறையில் தீப்பிடித்து, உள்ளே மாட்டிக்கொண்ட இரண்டு பேரை அந்த வாயுவை வைத்துத்தான் இவர் வெளியே கொண்டுவந்தார். புருவம் போனதும் அப்போதுதான் என்று நினைக்கிறேன். அதனால் அந்த சிலிண்டர்கள் மேல் அவருக்கு ஒரு மரியாதை உண்டு. ஆயுத பூஜையன்று லாரிக்குச் சந்தனம் வைக்கிற மாதிரி சிலிண்டருக்கு வைப்பார்.

தொண்ணூறுகளின் நடுவில் மேலிடத்திலிருந்து ஒரு சுற்றறிக்கை வந்தது. பயிற்சிக்கும் வேடிக்கைக்கும் இனிமேல் அந்த வாயுவைத் திறந்துவிடக் கூடாது. நிஜத் தீக்கு மட்டும்தான். மிச்சத்தைப் பத்திரமாக மூடி வைக்க வேண்டும். ஆங்கிலத்தில் இருந்ததைத் தமிழில் விளக்கச் சொல்லி என்னை ஃபயர் ஸ்டேஷனுக்கு அனுப்பினார்கள். வானத்தைப் பற்றி ஞாயிற்றுக்கிழமைப் பத்திரிகையில் அரைப் பக்கம் படித்தவன் என்ற திமிரோடு போனேன்.

"வானத்து உச்சியில ஓசோன்னு மெல்லிசா ஒரு படலம் இருக்கு. சூரியன்ல இருந்து வர்ற கெட்ட கதிரை அதுதான் தடுக்குது. ஃபிரிட்ஜுல இருக்கற வாயு, சென்ட் அடிக்கற டப்பாவுல இருக்கற வாயு, நம்ம சிலிண்டர்ல இருக்கறது எல்லாம் மேல போய் அதை அரிக்குது. தென் துருவத்துக்கு மேல பெரிய ஓட்டையே விழுந்தாச்சு. போதாக்குறைக்கு இந்த வாயுவெல்லாம் பூமி மேல கம்பளி போத்தின மாதிரி சூட்டையும் பிடிச்சு வைக்குதாம். அதனால எல்லா நாடும் சேர்ந்து, இதை இனிமே படிப்படியா நிறுத்தறோம்னு ஒப்பந்தம் போட்டிருக்காங்க. நாமளும் சேர்ந்துட்டோம்."

மற்ற ஃபயர்மேன்கள் டீ எங்கே என்று பார்த்தார்கள். இவர் மட்டும் முன்னால் நகர்ந்து உட்கார்ந்தார்.

"எல்லா நாடும்னா? அமெரிக்காவுமா?"

"ஆமாண்ணே."

"ரஷ்யா?"

"அதுவும்."

"ரெண்டு பேரும் ஒரே பேப்பர்ல கையெழுத்து போட்டானுங்களா? இன்னாத்துக்கு?"

"மூடறதுக்குத்தான்."

அவர் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சத்தை நான் பார்த்ததில்லை. மாலை போட்டாலும் வராது. "ஒலகமே சேந்து ஒரு பைப்ப மூடறேன்னு ஒத்துகினு கீது மாமே! நம்ம லைன்ல எட்டு ஊட்டுக்காரன் சேந்து ஒரு பைப்ப மூட மாட்டேன்றான்!"

"அவ்வளவு லேசா ஒத்துக்கலண்ணே. கம்பெனிக்காரங்க சண்டை போட்டாங்க. ஓட்டையே இல்லன்னாங்க. பணக்கார நாடு முதல்ல நிறுத்தணும், நம்மள மாதிரி நாட்டுக்குக் கொஞ்சம் தவணை, மாத்திக்கப் பண உதவின்னு பேசி முடிச்சாங்க."

"நாயம்தான். மின்ன தொறந்தவன் மின்ன மூடணும்." கூரையை அண்ணாந்து பார்த்தார். "மூடிட்டா ஓட்ட எப்ப அடையும்?"

"ரொம்ப நாளாகுமாம். அடுத்த நூற்றாண்டுல பாதி போயிடும்ங்கறாங்க. மேல போன வாயு சீக்கிரத்துல அழியாது. வருஷக்கணக்கா அங்கேயே நிக்கும்."

அவருடைய முகத்து வெளிச்சம் போன வேகத்தை நான் எதிர்பார்க்கவில்லை. சிலிண்டர் அடுக்கியிருந்த மூலையைப் பார்த்தார். சைரன் குரல் தணிந்து கேட்டது அன்று ஒரு நாள்தான்.

"அப்ப நான் வருசா வருசம் கைதட்டு வாங்கிகினே தொறந்து உட்டது எல்லாம்?"

எப்போதும் ஒரு ஜோக் கைவசம் வைத்திருப்பவன், அன்றைக்கு ஜேப்பைத் துழாவினேன், ஒன்றும் இல்லை.

"அங்கதான் கீதா மாமே? அத்த எப்பிடி மூடறது?"

மறுநாள் சிலிண்டர்களைத் தனி அறையில் வைத்துப் பூட்டினார். சாவியை அரைஞாண் கயிற்றில் கோத்துக்கொண்டார். எந்த சிலிண்டராவது கசிந்து எடை குறைகிறதா என்று அடிக்கடி எடை பார்ப்பார். பிறந்த குழந்தையைக்கூட எங்கள் ஆஸ்பத்திரியில் அத்தனை தரம் எடை பார்த்ததில்லை.

அடுத்த சித்திரை வந்தது. அந்த வருஷத் தீயணைப்பு நாளுக்கு டெல்லியிலிருந்து ஒரு பெரிய அதிகாரி வருவதாக ஏற்பாடு. எங்கள் நிர்வாக அதிகாரி இவரைக் கூப்பிட்டனுப்பினார். ஏதோ ஃபைலோடு நானும் அறையில் நின்றிருந்தேன்.

"கடைசி ஐட்டம் வழக்கம்போல கேஸ் ஷோ. பிரமாதமா இருக்கணும்."

"சர்க்குலர் வந்துகீது சார்."

"தெரியும்பா. கையெழுத்துப் போட்டு உங்களுக்கு அனுப்பினதே நான்தான்."

"அப்ப தொறக்கக் கூடாதே சார்."

"ஒரே ஒரு சிலிண்டர். வானம் எவ்வளவு பெருசு! ஒரு சிலிண்டர்ல என்ன ஆயிடப் போகுது?"

"அப்பிடித்தான் சார் எங்க லைன்ல சொல்றானுங்க. ஒரு சொட்டுதானேன்னு."

அதிகாரி மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார். கெட்டவர் இல்லை; வருகிறவர் முன்னால் எதுவும் சொதப்பிவிடக் கூடாதே என்று பயந்தவர். "ஸ்டேஷன் ஆபீசர் பிரமோஷனுக்கு உன் பேர் போயிருக்கு. வர்றவர்தான் அதுல முடிவு பண்ணணும். நீ ஷோவைக் காட்டு, நான் பக்கத்துல நின்னு ரெண்டு வார்த்தை சொல்றேன். இனி உன் இஷ்டம்."

வெளியே வந்ததும் நான் அவரைப் பிடித்துக்கொண்டேன். அவருடைய பெரிய பெண்ணுக்கு அந்த வருஷம்தான் கல்லூரி. பிரமோஷன் வந்தால் பெரிய குவார்ட்டர்ஸ். அண்ணி அதற்குத் திரைச்சீலைத் துணிகூடப் பார்த்து வைத்திருந்தார். "அண்ணே, அவரே சொல்றார். தொறந்தா பழி அவர் மேல. உங்களுக்கென்ன?"

"நெஜமா தீ புடிக்கட்டும், நானே மொத ஆளா தொறக்கறேன். கைதட்டுக்குத் தொறக்க மாட்டேன். நம்ம நாடு வாக்கு குடுத்துகீதுன்னு நீதானே சொன்னே? நாடுன்னா இன்னா, டெல்லியில ஒரு கட்டடமா? அந்த சிலிண்டரு சாவி என் இடுப்புலதானே கீது?"

சும்மா மறுத்துவிட்டு உட்கார்ந்துகொள்கிறவர் இல்லை அவர். கேஸ் ஷோவுக்குப் பதிலாக வேறொன்று காட்டுவதென்று முடிவு செய்தார். வீட்டில் எண்ணெய்ச் சட்டி பற்றிக்கொண்டால் என்ன செய்வது? எல்லாரும் பதறிப்போய்த் தண்ணீரை ஊற்றுகிறார்கள், வீடே எரிகிறது. செய்ய வேண்டியது ஒன்றுதான்: மூட வேண்டும். அதைத்தான் மைதானத்தில் காட்டப் போகிறார். தன் வாழ்நாளுக்கே ஏற்ற வேஷம் கிடைத்துவிட்ட நடிகரின் உற்சாகம் அவருக்கு.

கேண்டீன் வடைச்சட்டியும், அதை மூடுகிற அளவுக்கு சாம்பார் அண்டாவின் மூடியும் தேவைப்பட்டன. கேண்டீன் சமையல்காரர் லேசில் மசியவில்லை.

"சட்டிய எட்துகினு போ. மூடிய எப்பிடி குடுப்பேன் அண்ணாத்தே? சாம்பார்ல ஈ வுயும். செகண்டு ஷிஃப்டு ஆளுங்கோ என்னிய அண்டாவுக்குள்ள போட்டு மூடிடுவானுங்கோ."

"பத்தே நிமிஷம்" என்று நடுவில் புகுந்து வாக்குக் கொடுத்தது நான்தான். தீயைப் பற்றி எனக்குத் தெரிந்தது, பீடி பற்ற வைக்கும் அளவுக்கு.

அந்த நாளும் வந்தது. கட்டடத்திலிருந்து என்னை மீட்டார்கள். பத்துப் பதினைந்து வருஷ தோசைகள் உடம்பில் சேர்ந்திருந்ததால் அந்த வருஷம் தோள் சவாரி கிடையாது. ஸ்ட்ரெச்சரில் படுக்க வைத்து, விழுந்துவிடாமல் இருக்கக் கையையும் காலையும் பட்டை போட்டுக் கட்டி, தலையில் சிவப்பு மை தெளித்த கட்டும் போட்டு, மைதானத்தின் நடுவே இறக்கி வைத்தார்கள். வழக்கமாக இறக்கியதும் அவிழ்த்துவிடுவார்கள். அன்றைக்கு டெல்லி அதிகாரி எழுந்து கைதட்டியதும் எல்லா ஃபயர்மேன்களும் அணிவகுப்புக்கு ஓடிவிட்டார்கள். என்னை மறந்துவிட்டார்கள். எனக்கு அடுத்தாற்போல் வடைச்சட்டி.

அடுப்பில் எண்ணெய் காய்ந்துகொண்டே இருந்தது. புகைந்தது. சட்டென்று தானே பற்றிக்கொண்டது. கூட்டம் "ஓ" என்றது. அவர் மூடியைக் கேடயம்போல் முன்னால் பிடித்துக்கொண்டு வந்தார். அதே நடை. ஒரு நொடி நின்றார். சட்டியின் விளிம்பில் சாய்த்து, நகர்த்தி, மூடினார். அடுப்பை அணைத்தார். மூடிக்கும் சட்டிக்கும் இடைவெளி தெரிந்த இடத்தில் ஈரச்சாக்கைச் சுற்றினார்.

அவ்வளவுதான்.

புஸ் இல்லை, வெள்ளை வீச்சு இல்லை. மைதானத்தில் ஒரு சட்டி, அதன்மேல் ஒரு மூடி. அது ஏதோ சமையல் குறிப்பு என்று பின்வரிசை நினைத்தது. யாரும் கைதட்டவில்லை. எதற்குத் தட்டுவது?

"தொற! தொற! அணைஞ்சுதா பாக்கலாம்!" என்று பின்னாலிருந்து ஒரு குரல் கிளம்பியது. அப்புறம் பல குரல்கள். நிர்வாக அதிகாரி மேடையிலிருந்து இறங்கி வேகமாக வந்தார். சிரித்த முகத்தை மேடைப் பக்கம் வைத்துக்கொண்டு, பல்லைக் கடித்த முகத்தை எங்கள் பக்கம் வைத்துக்கொண்டு பேசினார்.

"திறந்து காட்டுப்பா. அவர் கேக்கறார்."

"கூடாது சார். எண்ணெ கொதிச்சுகினு கீது. இப்ப காத்து பட்டா மறுபடியும் குப்புனு புடிக்கும். ஆறணும்."

"எவ்வளவு நேரம் ஆறணும்?"

"ஆற வரைக்கும்."

"அவருக்கு ஃப்ளைட் இருக்குய்யா! அணைஞ்சிருக்கான்னு எப்படி அவருக்குத் தெரியும்?"

"மூடினா அணையும் சார். பாத்தாதான் அணையும்னு இல்லியே."

டெல்லி அதிகாரி கடிகாரத்தைப் பார்த்தார். பேசினார், பரிசு கொடுத்தார், டீ குடித்தார். அத்தனை நேரமும் இவர் சட்டியின் பக்கத்தில், யாரும் கிட்டே வராதபடி ஒரு கையை நீட்டியபடி நின்றார், போக்குவரத்துப் போலீஸ் மாதிரி. காரில் ஏறும்போது அந்த அதிகாரி ஒரு தரம் திரும்பிப் பார்த்தார். அவர் பார்த்தது என்னவோ, ஒரு மூடி, ஒரு கை, கட்டிப்போட்ட ஒரு குண்டு மனிதன். என்ன நினைத்தாரோ.

பிரமோஷன் வேறொருவருக்குப் போனது. அதை இங்கேயே சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் எல்லாம் நல்லபடியாக முடிந்தது என்று நீங்கள் ஏமாந்துவிடுவீர்கள். ரிட்டையர் ஆகிறவரைக்கும் அவர் லீடிங் ஃபயர்மேன்தான். அண்ணி அந்தத் திரைச்சீலைத் துணியை வாங்கவே இல்லை. கொஞ்ச காலம் கழித்து, சேமிப்புக் கிடங்குக்கு எடுத்துப் போக ஒரு லாரி வந்தபோது, சிலிண்டர்கள் எல்லாம் எடை குறையாமல் ஏறின. அவர் லாரிக்குப் பின்னால் கேட் வரை நடந்து போனார்.

அன்றைக்கு மைதானம் காலியானது. நாற்காலிகளை அடுக்கினார்கள். நான் வானத்தைப் பார்த்தபடி கிடந்தேன். வேறு எதையும் பார்க்க முடியாதபடி கட்டியிருந்தார்கள். அன்றைக்கு மேகமே இல்லை. ஓட்டை எதுவும் தெரியவில்லை. தெரியவும் தெரியாது என்று படித்திருந்தேன். ஆனாலும் தேடினேன்.

"அண்ணே, என்னை அவிழ்த்து விடுங்களேன். மூக்கு அரிக்குது."

"இரு மாமே. இந்த எடத்த உட்டு நகந்தா எவனாவது தொறந்துடுவான்."

அதற்குத் தகுந்தாற்போல கேண்டீன் சமையல்காரர் வந்து சேர்ந்தார். "பத்து நிமிசம்னு சொன்ன சோமாறி எவன்டா?" ஸ்ட்ரெச்சரில் கிடந்த என்னைப் பார்த்ததும் நிஜமாகவே அடிபட்டவன் என்று நினைத்து அடங்கினார். "அண்ணாத்தே, மூடியக் குடு. சாம்பார பேப்பர் போட்டு மூடிகினு வந்துகீறேன்."

"தர மாட்டேன். ஆறட்டும்."

"பெரியவங்க எல்லாம் பூட்டாங்க. இனிமே யாருக்கு இந்த ஷோ?"

"நைனா, நான் ஒண்ணு கேக்கறேன். ஒலகம் பூரா சேந்து வானத்த மூடறானுங்க. அத்த தொறந்து பாக்கறப்ப நீ இருப்பியா, நான் இருப்பேனா? அதுக்கோசரம் மூடாம உட்டுடுவானுங்களா? குந்து."

சமையல்காரர் என்னைப் பார்த்தார். இந்த ஆளுக்கு வெயில் அடித்துவிட்டதா என்று கண்ணால் கேட்டார். நான் கண்ணாலேயே, உட்காருங்கள் என்றேன். உட்கார்ந்தார். கொஞ்ச நேரத்தில் அவரும் சட்டியையே பார்க்க ஆரம்பித்தார்.

வெயில் இறங்கியது. அவர் புறங்கையை மூடியின் மேல் வைத்தார். எடுத்தார். காத்திருந்தார். மறுபடி வைத்தார். இந்தத் தடவை எடுக்கவில்லை. சாக்கை விலக்கி, எங்களுக்கு மறைப்பாக இருக்கும்படி மூடியின் தன் பக்கத்து விளிம்பைத் தூக்கி, மெல்லத் திறந்தார்.

சட்டியில் கறுப்பாக, அசையாமல், எண்ணெய் கிடந்தது.

சமையல்காரர் எட்டிப் பார்த்தார். "அட, ஆமா. அணஞ்சிகீது" என்றார்.

"கை தட்டு மாமே" என்றார் அவர், சட்டியிலிருந்து கண்ணை எடுக்காமல். "எவனாவது ஒருத்தன் தட்டணும்ல."

"கை கட்டியிருக்குண்ணே."

அப்போதுதான் என்னைப் பார்த்தார். சிரித்தபடி மண்டியிட்டு, பட்டைகளை ஒவ்வொன்றாக அவிழ்த்தார். நான் எழுந்து உட்கார்ந்து, முதலில் மூக்கைச் சொறிந்துகொண்டு, பிறகு அந்தப் பெரிய மைதானத்தில் தன்னந்தனியாகக் கைதட்டினேன். என் தலைக் கட்டிலிருந்த சிவப்பு மை மூக்கின் மேல் வழிந்தது. அவர் அட்டென்ஷனில் நின்று அதை முழுசாக வாங்கிக்கொண்டார்.

சமையல்காரர் மூடியைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு கேண்டீனைப் பார்க்க ஓடினார். அந்த முதுகைப் பார்த்து இவர் சைரன் குரலில் கத்தினார்:

"நேரா போய் சாம்பார மூடு! வழியில எவன் கேட்டாலும் குடுக்காத!"